ரேடியோ முதுகைத் திருப்பினாள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு வீட்டோடு நின்றுவிட்டது. ஆலையில் எல்லோருக்கும் அவள் ரேடியோ. வாட்ச்மேனில் தொடங்கி மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "ரேடியோன்னா மதிப்பான சாமான்தானே? ஊர்ச் சேதி, உலகச் சேதி எல்லாம் அதுலதானே வருது?" என்று கேட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விடுவாள்.

இதில் வேடிக்கை, அந்த ரேடியோவில் சத்தமே வராது.

தறிக்கூடத்துக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். நீளமான கட்டடம். இரண்டு பக்கமும் வரிசையாக விசைத்தறிகள். ஒவ்வொரு தறியிலும் நாடா என்கிற மரக்கட்டை, நூல் குழலை வயிற்றில் அடக்கிக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடி வாங்கிப் பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு தறி ஓடினாலே பேச்சு கேட்காது. கூடம் முழுக்க ஓடும்போது, பக்கத்தில் இருப்பவர் தும்மினாரா என்பதைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். சத்தம் எழுப்பாமல், ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் இழுத்து, மடித்து, குவித்துச் சொல்வார்கள். எதிராளிக்குப் புரியாவிட்டால் ஓடிப்போய்க் காதோடு வாய் வைத்துக் கத்துவார்கள்.

இந்தக் கலையில் ரேடியோவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுடைய வாய் பெரியது. வாயாடி என்ற அர்த்தத்தில் மட்டும் இல்லை, நிஜமாகவே பெரியது. புருவமும் கண்ணும் கூடச் சேர்ந்து பேசும். அவள் உதட்டை அசைத்தால் கடைசி வரிசைக்காரர்வரை சேதி போய்ச் சேரும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு இடமாற்றம், மேஸ்திரி இன்று யார்மேல் பாய்வார் என்பதெல்லாம் காலையில் தறி ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவளுக்குப் பக்கத்துத் தறி அவளுடைய நாத்தனாருடையது. நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இவள் வாயில்லாப் பூச்சி. அண்ணி சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஒரே வீடு, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சமையலறை. கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. உண்டாவதும் கலைவதுமாக அவள் பட்ட பாட்டை எல்லாம் ரேடியோ கூடவே இருந்து பார்த்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கடைசியாக ஒரு கரு தங்கி, வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியது. தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதை நாத்தனார் தறிக்கு முன்னால் நின்றுதான் உதட்டை அசைத்துச் சொன்னாள். ரேடியோ தன் தறியை நிறுத்திவிட்டு அழுதாள். மேஸ்திரி கத்தினார். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் உலகத்தைச் சுற்றிய நோய் அங்கேயும் வந்து சேர்ந்தது.

அரசாங்கத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். ஆலையின் துணியிலேயே மாஸ்க் தைத்து ஆளுக்கு நாலு கொடுத்தார்கள். கூடத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். நர்சம்மா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள்ளேயே வந்து பாவம் தொண்டை கிழியப் பேசினார். தறிச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

முதல் நாள் எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். போட்டதும் கூடம் ஊமையாகிவிட்டது. அவர்களுக்கு வாயும் போனது, காதும் போனது. நூல் அறுந்தால் பக்கத்துத் தறிக்குச் சொல்ல முடியவில்லை. மேஸ்திரி வருகிறார் என்று எச்சரிக்க முடியவில்லை. ரேடியோவின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். காலையிலிருந்து அடக்கி வைத்த சேதிகள் உள்ளே கிடந்து முட்டின. மத்தியானத்துக்குள் அத்தனை மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிவிட்டது.

இதற்கு ரேடியோ ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் கண்டுபிடித்ததிலேயே மகா அசட்டுத்தனமான வழி அதுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலை எடுத்து மாஸ்க்கின் நடுவில், வாய் இருக்கும் இடத்தில், அழகாக ஓட்டை போட்டாள். ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்தாள். நாத்தனாருக்கும் ஒன்று. மறுநாள் தன் வரிசை முழுவதற்கும். அதற்கடுத்த நாள் கூடமே ஓட்டை மாஸ்க்கோடு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது.

நர்சம்மா வந்து பார்த்தார். அப்படியே ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ரேடியோவை வெளியே முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இது என்னம்மா?"

"ஜன்னல், நர்சம்மா. மூக்கு மூடித்தான் இருக்கு பாருங்க. பேசுறதுக்கு மட்டும்தான் வழி விட்டிருக்கேன்."

"கொசுவலையைக் கட்டிட்டு, கொசு வந்து போக நடுவுல ஒரு கதவு வச்ச மாதிரி இருக்கும்மா! மூச்சு விடும்போது மட்டுமில்ல, பேசும்போதும் நோய் வெளிய வரும். கத்தினா இன்னும் அதிகமா வரும். நீங்கதான் காதுக்குள்ளயே போய்க் கத்துறீங்களே!"

"அடடே, அப்படியா!" என்றாள் ரேடியோ. தலையை நன்றாக ஆட்டினாள். நர்சம்மாவின் வண்டி தெருமுனை திரும்பும்வரை ஓட்டை இல்லாத மாஸ்க் போட்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அவளுடைய தறி நின்றுபோனது. பழுது பார்க்க ஃபிட்டர் வந்தார். அவர் மாஸ்க் தாடையில். இவள் மாஸ்க்கில் ஜன்னல். இவள் அவர் காதில் கத்த, அவர் இவள் காதில் கத்த, அவிழ்ந்த நூல்களைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றவள் நாத்தனார். வேலை முடிவதற்குள் ஃபிட்டர் இரண்டுமூன்று தடவை இருமினார். பஞ்சுத் தூசி என்றார். அந்த வாரமே அவரைப் படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நர்சம்மா அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார். முடிவு வரும்வரை ஆளுக்கொரு அறையில் இருக்கச் சொன்னார். "வயித்துப் பிள்ளைக்காரங்களுக்கு இது வந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

நாத்தனார் அறைக்கதவு மூடியிருந்தது. ரேடியோ தன் அறைக்குள்ளேயே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நடுச்சுவர் மெல்லியது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணி... குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் ரேடியோவிடம் பதில் உண்டு. தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லி வைப்பாள். இந்தக் கேள்விக்கு அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அந்த ஓட்டையைத் தன் கையாலேயே வெட்டி, ஓரம் மடித்து, இந்தப் பெண்ணின் முகத்தில் கட்டிவிட்டது அவள்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் சுவரைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நல்லவேளையாக இருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. நர்சம்மா போனில்தான் சொன்னார். ரேடியோ அவருக்குக் கோடி நன்றி சொன்னாள்.

"நன்றி எல்லாம் இருக்கட்டும். இந்தத் தடவை தப்பிச்சது அதிர்ஷ்டம்மா. அடுத்த தடவைக்கு அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது" என்றார் நர்சம்மா. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கூடத்துல ஒருத்தரும் என் போஸ்டரைப் பாக்கறதில்ல. எல்லாரும் பாக்கறது உங்க வாயைத்தான். நீங்க மூடினா அத்தனை பேரும் மூடுவாங்க."

வாயை மூடு என்று அவளிடம் சொன்னவர்கள் ஏராளம். மாமியார் சொன்னார், மேஸ்திரி சொன்னார், கட்டியவர் கும்பிட்டே கேட்டிருக்கிறார். அதை ஒரு பெருமையாகச் சொன்னவர் இந்த நர்சம்மா ஒருவர்தான். ரேடியோ அன்று முழுவதும் சமையலறையில் யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்படியே யோசனையில் கைகளை ஆட்டிக்கொண்டும் இருந்தாள். "அண்ணிக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று நாத்தனார் தன் புருஷனிடம் கவலைப்பட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

அப்போது ஆலை முழுவதும் ஒரே ஒரு சேதிக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. மனைவியை இழந்த வாட்ச்மேனுக்கும், துணிக் கிடங்கில் வேலை செய்யும் தனிக்கட்டையான அக்காவுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எதுவரை போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் வீடு ரேடியோ வீட்டுக்கு நேர் எதிரே. அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அவளுக்கு ஜன்னலைத் தவிர வேறு பொழுதுபோக்கு என்ன? பேசிய உதடுகள் உட்பட அத்தனையும் பார்த்திருந்தாள். ஆக அவள் வேலைக்குத் திரும்பிய காலை, கூடமே வேலையை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தது.

வாயைக் காணோம். ஓட்டை இல்லாத மாஸ்க், மூக்குத்தண்டிலிருந்து தாடைக்குக் கீழ்வரை, இழுத்துக் கட்டியிருந்தாள்.

"சொல்லு, சொல்லு" என்று முகங்கள் கெஞ்சின. ரேடியோ தன் முழு மாஸ்க்கைத் தட்டிக் காட்டி, எல்லோரும் ஓட்டை மாஸ்க்கைக் கழற்றி முழு மாஸ்க் கட்டும்வரை நூல் குழலை மாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். இடுப்பில் கொத்துச் சாவியை ஆட்டுவதுபோல் ஆட்டினாள்: வாட்ச்மேன். கொண்டையைத் திருகி ஊசி செருகினாள்: கிடங்கு அக்கா. இரண்டு விரல்களை நடக்கவிட்டாள். ஒரு விரல் வாசலில் தயங்கி நின்றது. கதவைத் தட்டினாள். கண்ணைப் பெரிதாக்கினாள். உள்ளே போன விரல் என்ன சொன்னது என்றால்...

கடைசி வரிசைக்காரர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, "என்னது? மறுபடி சொல்லு!" என்று உதட்டை அசைத்தார்.

ரேடியோ முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். கதை நின்றுவிட்டது. அவள் பாட்டுக்குத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடமே கடைசி வரிசைக்காரரை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. பக்கத்துத் தறிக்காரி தன் கையால் ஜாடை காட்டி அவரைத் திட்டினாள்; அந்த ஜாடையை ரேடியோ சொல்லித்தரவில்லை. அவர் பெட்டிப்பாம்பாய் அடங்கி மாஸ்க்கை ஏற்றினார். ரேடியோ திரும்பினாள். வாட்ச்மேன் மறுபடி கதவைத் தட்டினார்.

சட்டம் அன்றே நிலைத்துவிட்டது. யாராவது மாஸ்க்கை இறக்கினால் கதை நிற்கும். மாஸ்க் மூக்குக்குக் கீழே நழுவினால், அவள் தன் மூக்கைக் கிள்ளிக் காட்டுவாள்; காட்டியும் ஏற்றாவிட்டால் முதுகு. சாப்பாட்டுக்கு முன்னால் முற்றத்துக் குழாயடியில் கதை தொடரும். ஆனால் கையில் சோப்பு நுரை இருக்கும் ஆளுக்குத்தான் அங்கே நிற்க இடம். ரேடியோவும் நுரைக் கையோடுதான் கதை சொன்னாள். வாட்ச்மேன் பூ வாங்கிக் கொடுத்த கட்டத்தில் நுரை நாலு பேர் தலையில் தெறித்தது. மாஸ்க் போடு, கை கழுவு என்று நர்சம்மா அத்தனை நாள் தொண்டை வறளச் சொன்னதை, கிடங்கு அக்காவின் காதல் வெகு சீக்கிரம் செய்து முடித்துவிட்டது.

கை மொழியும் வளர்ந்தது. கழுத்தில் முடிச்சுப் போட்டால் மேனேஜர். வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் போட்டால் மேஸ்திரி. ரேடியோவுக்கு ஒரு ஜாடை வேண்டுமே? அதைக் கண்டுபிடித்தது வாயில்லாப் பூச்சி நாத்தனார்தான். கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவதுபோல் காட்டினாள். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரேடியோ முறைத்தாள். உள்ளூரப் பூரித்துப்போனாள்.

வழிக்கு வராத ஆள் மேஸ்திரி ஒருவர்தான். "எனக்கு மூச்சு முட்டுது" என்பார். காற்று வந்தால் நூல் காய்ந்து அறும் என்று ஜன்னலையும் திறக்க விடமாட்டார். அவருடைய மாஸ்க் சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். நாத்தனார் தறிக்குப் பக்கத்தில் நின்று அவர் வாயைத் திறந்து கத்தும்போதெல்லாம் ரேடியோவின் கண் நாத்தனாரின் வயிற்றுக்குப் போகும். அவரை என்ன செய்வது?

அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. கிடங்கு அக்கா அவருடைய கூடப்பிறந்த அக்கா.

கூடத்தில் வட்டம், சாவி, கொண்டை என்று அடிக்கடி கைகள் அலைவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டம் தான்தான் என்பது அவருக்கே புரிந்துவிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ரேடியோவின் தறிக்கு வந்து, "எங்க அக்காவைப் பத்தி என்ன பேசுறீங்க?" என்று உதட்டை அசைத்தார். ரேடியோ திரும்பிக்கொண்டாள். அவர் நாத்தனாரைப் பார்த்தார். அந்தப் பூச்சியும் திரும்பிக்கொண்டது. எதிர்த் தறி திரும்பியது. அடுத்த வரிசை திரும்பியது. தறிகள் ஓட ஓட, கூடம் முழுவதும் அத்தனை முதுகுகள். நடுவில் மேஸ்திரி மட்டும் முகத்தோடு நின்றார்.

கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தார். போட்டார். ஒருவரும் திரும்பவில்லை. அவர் போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். இன்னொன்றையும் திறந்தார். வெளிக்காற்று உள்ளே வந்ததும் ரேடியோ மெல்லத் திரும்பினாள்.

கதை முழுவதையும் அவருக்காக முதலிலிருந்து சொன்னாள். வாட்ச்மேன் கேட்டுவிட்டார். அக்காவுக்குச் சம்மதம். தம்பி என்ன சொல்வானோ என்றுதான் பயம். இதுதான் சேதி.

மேஸ்திரி அசையாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு பழக்கமில்லாத கையால் சாவியை ஆட்டினார், கொண்டையைத் திருகினார், இரண்டு கையையும் சேர்த்துக் கோத்துக் காட்டினார். அன்று கூடத்தில் எழுந்த கைதட்டலும் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். காற்றுப் பட்டும் நூல் ஒன்றும் அப்படி அறுந்துவிடவில்லை. தரையில் தண்ணீர் தெளித்துச் சமாளித்தார்கள்.

அதற்குப் பிறகும் அந்தக் கூடத்துக்குள் நோய் வராமல் இல்லை. வந்தது. ஆனால் வந்தவரோடு நின்றுபோனது. அடுத்த தறியைத் தொட அதற்கு வழி கிடைக்கவில்லை. ஃபிட்டர் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் மாஸ்க்குக்கு மேலே கண்ணால் சிரித்தார்கள். நாத்தனாருக்கு வயிறு நன்றாக இறங்கி, விடுப்பில் போகும் நாளும் வந்தது. ஒரு தும்மல்கூட இல்லாமல் அவள் வாசலைத் தாண்டிப் போனபோது, ரேடியோ சுவரில் இருந்த நர்சம்மாவின் போஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரே ஆளைத்தான் விட்டார்கள். நாத்தனாரின் புருஷன் போனான். போன அவசரத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். இரவு முழுவதும் ஒரு சேதியும் இல்லை. சேதி இல்லாமல் ரேடியோ பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

காலையில் அவள் தன் புருஷனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் போய் நின்றாள். வேலைக்குப் போகிற வழியில் கூடத்து ஆட்களும் வந்து, இடைவெளி விட்டுத் தள்ளித்தள்ளி நின்றார்கள். மேஸ்திரியும் இருந்தார். மாடி ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடி போட்டு அடைத்திருந்தன. ரேடியோ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் நாத்தனார் தெரிந்தாள். சோர்ந்துபோய், முழு மாஸ்க்கோடு, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்றார் ரேடியோவின் புருஷன். பெற்றவள் அவர் தங்கை. ஆனால் அவருக்கு அந்தக் கைகளின் பாஷை தெரியாது.

"இருங்க. ராத்திரி பூரா வலியாம்... டாக்டர் ரெண்டு பேர் வந்தாங்களாம்... இவ புருஷன்..." ரேடியோ சிரித்தாள். "மயக்கம் போட்டு விழுந்துட்டாராம். அவருக்கு ஒரு நர்ஸ் தனியாம்."

தெரு சிரித்தது. மேலே நாத்தனார் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில்போல் ஆட்டினாள். குழந்தை! ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருட ஏக்கம், எத்தனை மாதத்துப் பயம்! மாஸ்க்கை ஒரே இழுப்பில் தாடைக்கு இறக்கி, தெருவே அதிர, "நல்லா இருக்கா? என்ன குழந்தைடி?" என்று கத்தினாள்.

நாத்தனாரின் கை நின்றது. அவள் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெல்ல, மிகவும் மெல்ல, ஜன்னலுக்கு முதுகைத் திருப்பினாள்.

"ஐயோ, ஏன் திரும்பிட்டா? என்னாச்சு?" என்று ரேடியோவின் புருஷன் பதறினார்.

அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கூடத்து ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாத குறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தன் மூக்கைக் கிள்ளி ரேடியோவுக்குக் காட்டினார். ரேடியோ பதறிப்போய் மாஸ்க்கை மேலே ஏற்றினாள். மூக்குத்தண்டில் அழுத்திவிட்டுக்கொண்டாள். இரண்டு கையையும் கூப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

நாத்தனார் திரும்பினாள். பக்கத்தில் அவள் புருஷன், துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கண்ணாடிக்கு அருகில் தூக்கிப் பிடித்தான். சிவந்த முகம். அதில் பாதி வாய். அந்த வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே என்ன கூச்சலோ, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார் கம்மல் போடுவதுபோல் காது மடலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு குழந்தையைக் காட்டினாள். கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து, குமிழைத் திருகு திருகு என்று திருகினாள்.

ரேடியோவின் கண்ணீர் மாஸ்க்குக்குள் வழிந்து இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"சொல்லேன்டி, என்ன சொல்றா?" என்றார் புருஷன்.

"பொண்ணு. நல்லா இருக்கா. என்னை மாதிரியாம்."

அவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டுல இன்னொண்ணா!" என்றார்.

தெருவில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்கள்.